பட்டாணி ஒட்டியவை

ஜூன் 8

வருங்கால பாலர் வகுப்பு டீச்சரம்மாவுக்கு,

பட்டாணியின் அப்பா எழுதுகிறேன். இருவரும் நலம். அவள் சாப்பிடாமல் ஓடுகிறாள், நான் தட்டோடு பின்னால் ஓடுகிறேன். அதனால் யாருக்கும் உடம்பு ஏறவில்லை.

உன் பயிற்சிக்காகப் பட்டாணி செய்யவேண்டும் என்று நீ எழுதி அனுப்பிய மூன்று வேலைகளும் முடிந்தன. கிழித்த காகிதத்தைச் செதிலாக ஒட்டிய மீன், ஸ்ட்ரா துண்டுகளைக் கோத்த மாலை, மடித்தால் கதவு திறக்கும் வீட்டு அட்டை. மூன்றும் இந்த உறையில் இருக்கின்றன. மற்றவர்களுக்கெல்லாம் பக்கத்திலேயே பிள்ளைகள் இருக்க, உனக்கு மட்டும் பிள்ளையின் கைவேலை தபாலில் வரவேண்டியிருக்கிறது. உங்கள் பயிற்சி மேடத்திடம் அதற்காகவே இரண்டு மார்க் கூடக் கேள்.

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை விட்டேன். இப்போது பாலர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறேன். மனிதன் முன்னேறவேண்டாமா?

பசை நம் பட்டறையில் அட்டைப்பெட்டிக்குக் காய்ச்சுவதுதான். ஒரு டப்பாவில் எடுத்து வந்தேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "என்னய்யா, வீட்லயும் பெட்டி ஒட்டுறியா? அங்கயாவது நேரா ஒட்டு" என்றார். நான் வேலைக்குப் போகும்போது கீழ்வீட்டுத் தையல்காரம்மா பட்டாணியைப் பார்த்துக்கொள்கிறார். அங்கே ஒரு நூல்கண்டை முழுசாக அவிழ்த்து, அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டாளாம். வீட்டில் நீ இல்லாததைத் தவிர வேறு குறையில்லை.

வேலைகளைப் பார். நன்றாகவே செய்கிறாள். நான் சும்மா கூட இருந்தேன், அவ்வளவுதான்.

உன்
அவர்


ஜூன் 14

பட்டாணி அப்பாவுக்கு,

நீங்கள் சும்மா கூட இருந்த அழகை இன்று வகுப்பே பார்த்தது.

மேடம் என் கோப்பைத் திறந்து வீட்டு அட்டையைக் கையில் எடுத்தார். மடிப்பைத் தடவிப் பார்த்தார். "உங்க பொண்ணுக்கு என்ன வயசு?" என்றார். நாலு என்றேன். "நாலு வயசுப் பிள்ளை மடிப்பை நகத்தால நீவிவிடுமா? உங்க வீட்ல யாராவது பெட்டி செய்யிறவங்க இருக்காங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மீனை அப்புறம் நானே பார்த்தேன். ஒரு செதில்கூடக் கோட்டைத் தாண்டவில்லை. உங்களுக்கு மீன்காரரிடமே நல்ல மீன் பார்த்து வாங்கத் தெரியாது. இதை மட்டும் எப்படி இவ்வளவு நேர்த்தியாகச் செய்தீர்கள்?

என் மார்க் குறையக்கூடாது என்று செய்திருப்பீர்கள். தெரியும். ஆனால் எனக்கு மார்க் முக்கியமில்லை. அவள் என்ன செய்தாள் என்பதுதான் எனக்கு வேண்டும். நான் ஊரைவிட்டு வந்து இங்கே அடுத்தவர் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் பிள்ளையின் கை எனக்கு இந்த உறையில்தான் வரும். அதிலும் நீங்கள் உங்கள் கையை வைத்து அனுப்பினால் எப்படி?

அவள் செய்தது எங்கே? தூக்கிப் போட்டுவிட்டீர்களா? இருந்தால் அப்படியே அனுப்புங்கள். கசங்கியிருந்தாலும், கிழிந்திருந்தாலும்.


ஜூன் 19

டீச்சரம்மாவுக்கு,

கையும் பசையுமாகப் பிடித்துவிட்டாய்.

அவள் செய்ததைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. அலமாரியில் உன் பழைய சேலைக்கு அடியில் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் இதில் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டு நீயே சொல், இதை எப்படிக் கோப்பில் வைப்பது? மீனுக்கு வெளியே ஒரு கூட்டமே செதில் இருக்கிறது. மீனுக்குள்ளே நாலைந்துதான். மீன் குளிக்கப்போகச் சட்டையைக் கழற்றிப் போட்டதுபோல. கண்ணை வாலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். "மீனு பின்னாடி வர்றவங்கள பாக்கும்" என்றாள்.

ஸ்ட்ரா மாலைதான் பெரிய கூத்து. ஸ்ட்ராவை ஒரு கையில் பிடித்துக்கொள்கிறாள், கயிற்றை இன்னொரு கையில். கயிறு ஓட்டைக்கு முன்னாலேயே நின்றுவிடும், இல்லை பக்கத்தில் போய்விடும். போதாததற்கு முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு, கோழி அரிசியைப் பார்ப்பதுபோல ஓரமாகப் பார்ப்பாள். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததும் அவளும் இன்னும் கொஞ்சம் திருப்பிக் காட்டினாள். அன்றிலிருந்து நாங்கள் அதற்குக் 'கோழிப் பார்வை' என்று பெயர் வைத்திருக்கிறோம். தையல்காரம்மாவிடமும் செய்து காட்டினாள்.

கடைசியில் ரெண்டு துண்டு கோத்துவிட்டுக் கயிற்றைக் கடித்துத் துப்பிவிட்டாள். "நீ செய்ப்பா, உனக்குத்தான் நல்லா வருது" என்றாள். இந்த வீட்டில் யாரும் என்னிடம் இதுவரை சொல்லாத பாராட்டு. மயங்கிவிட்டேன். மீதியை நானே கோத்தேன்.

என் பொண்ணுதானே, எனக்கும் முதலில் கை வரவில்லை. நான் முதல் வருடம் ஒட்டிய பெட்டிகளை மேஸ்திரி இன்னும் கதையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வளர்ந்தால் சரியாகிவிடும். கோபத்தை விடு.

உன்
அவர்


ஜூன் 23

என்னங்க,

நீங்கள் அனுப்பியதைக் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னுடன் தங்கியிருப்பவள் சாப்பிடக் கூப்பிட்டாள். போகவில்லை.

இங்கே தினமும் முப்பது பிள்ளைகள் ஒட்டுவதைப் பார்க்கிறேன். நாலு வயதுக் கை எப்படித் தவறும் என்று இப்போது எனக்குத் தெரியும். கோட்டைத் தாண்டும், காகிதம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும், பசை கூடிப்போகும். ஆனால் ஒட்டவேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே தவறும். பட்டாணி பசை வைத்த இடம் ஒன்று, காகிதம் வைத்த இடம் வேறு. மீனின் முதுகில் பசை காய்ந்திருக்கிறது, அதன்மேல் எதுவும் இல்லை. காகிதம் விரல் அகலம் தள்ளி, ஓரத்தில் பட்ட துளிப் பசையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு தடவை இல்லை. எல்லாத் தடவையும்.

நீங்கள் சிரிக்கச் சிரிக்க எழுதிய அந்தக் கோழிப் பார்வையை நான் நாலு முறை படித்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்போதும் இடது பக்கம்தான் திருப்புகிறாளா? ஒரு தடவையாவது வலது பக்கம் திருப்பிப் பார்த்தாளா?

மேடத்திடம் கேட்டேன். ஒரு வேலை சொல்லிக்கொடுத்தார். விளையாட்டு மாதிரி செய்யுங்கள், அவளைப் பயமுறுத்தாதீர்கள். அட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடி வெட்டுங்கள். ஒரு பக்கம் வட்டமாக ஓட்டை, இன்னொரு பக்கம் அட்டையாகவே மூடியிருக்கட்டும். ஓரத்தில் கண் தெரியாதபடி அகலமாக வெட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில், முதலில் இடது கண் மூடியிருக்கும்படி போட்டுவிட்டு எதையாவது எடுத்து வரச் சொல்லுங்கள். அப்புறம் கண்ணாடியைத் திருப்பி, வலது கண் மூடியிருக்கும்படி போடுங்கள். என்ன செய்கிறாள் என்று பாருங்கள்.

அன்றைக்கே எழுதுங்கள். ஏதாவது என்றால் எங்கள் பயிற்சிப் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். உயிர் போகிற காரியமானால்தான் என்னைப் போனுக்குக் கூப்பிடுவார்கள் என்று சொல்லியிருந்தேனே, பரவாயில்லை, அப்படியே சொல்லிக் கூப்பிடுங்கள்.

எனக்குப் பைத்தியம் என்று நினைத்தாலும் சரி, செய்யுங்கள். எனக்குப் பைத்தியமாகவே இருக்கட்டும்.


ஜூன் 27

பட்டாணி அம்மாவுக்கு,

போனில் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்தேன். கண்ணாடியைச் சிவப்பு அட்டையில் வெட்டினேன். பட்டாணிக்கு ஒரே குஷி. முதலில் இடது கண்ணை மூடிப் போட்டேன். என் செருப்பை எடுத்துவரச் சொன்னேன். ஓடிப்போய் எடுத்துவந்தாள். தண்ணீர்க் குவளை என்றேன், கொண்டுவந்தாள். பாதித் தண்ணீரைக் கொட்டினாள், அது வழக்கம்தான். உன்னை மனதுக்குள் திட்டினேன். பார்த்தியா, சும்மா பயந்து மனுஷனைப் படுத்துகிறாள் என்று.

கண்ணாடியைத் திருப்பி, வலது கண் மூடியிருக்கும்படி போட்டேன்.

அப்படியே நின்றுவிட்டாள். இரண்டு கையும் தானாக முன்னால் வந்தது. "அப்பா, கண்ணாடி அழுக்கா இருக்கு. தொடைச்சு விடு" என்றாள்.

அது வெறும் ஓட்டை. நான் கண்ணாடியா வைத்தேன்? அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், எதையாவது தொட முடியுமா என்று. விரல் இமைக்குப் பக்கத்தில் போகும்வரை அவள் கண்ணைச் சிமிட்டவே இல்லை.

சட்டை நுனியை எடுத்துக் காற்றைத் துடைத்தேன். "இப்ப?" என்றேன். "இன்னும் அழுக்கா இருக்கு. வெள்ளையா இருக்கு. நல்லா தொடைச்சு விடு" என்றாள். மறுபடி துடைத்தேன். எத்தனை தடவை துடைத்தேன் என்று தெரியவில்லை. அவளுக்கு அழுகை வந்து, கண்ணாடியைப் பிய்த்து எறிந்துவிட்டு, என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

அப்புறம் பந்து விளையாடினாள். ஒன்றும் நடக்காததுபோல. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. தையல்காரம்மா மேலே வந்து, "என்னப்பா, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றார். அட்டையைக் காட்டினேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்ததா என்ன.

நாளை கண் டாக்டரிடம் போகிறோம்.


ஜூலை 1

என்னங்க,

இதை எழுதக்கூடாது என்று இரண்டு நாள் பார்த்தேன்.

முதலிலேயே அவள் செய்த மீனை நீங்கள் அனுப்பியிருந்தால் எனக்கு முன்பே தெரிந்திருக்கும். நான் என் பிள்ளையின் கையைப் பார்க்கக் கேட்டேன். நீங்கள் உங்கள் சாமர்த்தியத்தை அனுப்பினீர்கள். எல்லாவற்றையும் சிரித்து மழுப்புகிற உங்கள் புத்தி.

எழுதிவிட்டேன். இனி உங்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை. பெற்றவள் நான். அவள் பிறந்ததிலிருந்து அந்த முகத்தை நான்தான் துடைத்தேன், பொட்டு வைத்தேன், மை இட்டேன். அந்தக் கண்ணுக்கும் நான்தானே மை இட்டேன்? என்னைப் பார்க்காத கண்ணுக்கு.

இன்று வகுப்பில் கைத்தடம் பதிக்கிற வேலை. ஒரு பிள்ளை சாயக் கையோடு ஓடிவந்து என் கன்னத்தில் வைத்தது. நான் அதன் முகத்தைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக் கண்ணைப் பார்த்தேன். அது பயந்து அழுதுவிட்டது. இப்போது எல்லாப் பிள்ளைகளையும் அப்படித்தான் பார்க்கிறேன்.

டாக்டர் என்ன சொன்னார்? என் கோபத்தைப் பார்த்துச் சொல்லாமல் இருந்துவிடாதீர்கள். நல்லதோ கெட்டதோ, அப்படியே சொல்லுங்கள். கிளம்பி வரவா?


ஜூலை 4

பட்டாணி அம்மாவுக்கு,

நீ திட்டியது சரி. எனக்கு வலிக்கவில்லை என்று எழுதினால் அது மறுபடி மழுப்பலாகிவிடும். வலித்தது.

நீ கேட்டபடி அப்படியே சொல்கிறேன்.

டாக்டர் ஒரு சின்ன விளக்கை அவள் கண்ணில் அடித்தார். வலது கண்ணில் அடித்தபோது கறுப்பாக, உள்ளே சிவப்பு மின்னலாகத் தெரிந்தது. இடது கண்ணில் அடித்தபோது கருமணிக்குள்ளே வெள்ளை. எனக்கே தெரிந்தது. இத்தனை நாள் அந்தக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன்.

பட்டாணி டாக்டரிடம், "உன் லைட்டு நல்லாருக்கு, எனக்குத் தருவியா?" என்றாள். அவர் கொடுத்துவிட்டார். அவள் அதை வைத்து அவர் மூக்குக்குள் அடித்துப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அவளை நர்ஸோடு அனுப்பிவிட்டுச் சொன்னார். கண்ணுக்குள் வெள்ளையாகத் தெரிய ரெண்டு காரணம் இருக்கலாமாம். ஒன்று புரை. வயதானவர்களுக்கு வருவது சிலசமயம் பிள்ளைகளுக்கும் வருமாம், எடுத்துவிடலாமாம். "இன்னொன்னு, டாக்டர்?" என்றேன். "ஸ்கேன் எடுத்துட்டுப் பேசலாம்" என்றார். "பேர மட்டும் சொல்லுங்க" என்றேன். "வேண்டாமே. இப்ப உங்களுக்கு அது எதுக்கு?" என்றார். பெயர்கூடச் சொல்லாத வியாதி எப்படிப்பட்டதாக இருக்கும்? "கண்ணோட போயிடுமா, இல்ல..." என்று கேட்கத் தொடங்கினேன். முடிக்கவில்லை. அவரும் முடிக்கச் சொல்லவில்லை.

ஸ்கேன் வரும் புதன்கிழமை. அதுவரை எப்படி இருப்பது என்று தெரியவில்லை. பட்டறையில் ஒரு கட்டுப் பெட்டி முழுக்க மூடியைத் தலைகீழாக ஒட்டியிருக்கிறேன். மேஸ்திரி எதுவும் சொல்லாமல் எல்லாவற்றையும் எடுத்து ஓரமாக வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

அவள் தூங்கும்போது இடது கண்ணையே பார்க்கிறேன். மூடியிருந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

கிளம்பி வா. படிப்பு கிடக்கட்டும். அவளுக்காக மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தனியாகப் பயமாக இருக்கிறது.


ஆகஸ்ட் 10

என்னங்க,

ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி பயிற்சிக்கு வந்து சேர்ந்துவிட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று மேடம் சொல்லிவிட்டார். நீங்கள்தான் என்னைப் பிடித்துத் தள்ளி பஸ்ஸில் ஏற்றினீர்கள். ஆனாலும் பஸ் ஊரைத் தாண்டும்வரை இறங்கிவிடலாமா என்றே இருந்தது.

புரைதான் என்று டாக்டர் சொன்னபோது நீங்கள் அந்த வராந்தாவில் என் தோளில் சாய்ந்து அழுததை நான் யாரிடமும் சொல்லவில்லை. நம் பயத்தில் பாதிதான் அன்று போனது. மீதியை எடுத்துக்கொண்டுதான் இங்கே வந்திருக்கிறேன். புரையை எடுத்து லென்ஸ் வைத்தாகிவிட்டது, ஆனால் கண் இன்னும் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. இத்தனை வருடம் சும்மா இருந்த கண். வேலை கொடுக்காவிட்டால் அப்படியே சோம்பிப்போய்விடும், அப்புறம் எந்த ஆபரேஷனாலும் எழுப்பமுடியாது என்றாரே, அந்த வார்த்தை காதிலேயே நிற்கிறது.

கண்ணில் போட்ட கட்டை அவிழ்த்ததும், நல்ல கண்ணைத் தினமும் ஒட்டி மூடவேண்டும். அவள் அழுவாள். உங்களுக்கு அவள் அழுகையைத் தாங்கத் தெரியாது. ஒரு சொட்டுக் கண்ணீருக்கு நீங்கள் நாற்காலியையே தலைகீழாக வைத்து வண்டி ஓட்டிக் காட்டுவீர்கள். இந்த ஒன்றில் மட்டும் கல்லாக இருங்கள். பிய்த்தால் மறுபடி ஒட்டுங்கள். உங்களை வெறுத்தாலும் ஒட்டுங்கள்.

மூடியிருக்கும்போது கைக்கு வேலை கொடுங்கள். பெரிய துண்டுகள், பளிச்சென்ற நிறங்கள். கிழிக்கட்டும், உருட்டட்டும், ஒட்டட்டும். என்ன வருகிறது என்று பார்க்கவேண்டாம். கண் தேடினால் போதும்.

தேடுகிறதா என்று மட்டும் எழுதுங்கள். தேடாவிட்டாலும் எழுதுங்கள்.


ஆகஸ்ட் 21

பட்டாணி அம்மாவுக்கு,

முதல் நாள் ஒட்டியதும் என் கையைக் கடித்துவிட்டாள். பல் பதிந்த இடத்தைப் பட்டறையில் பார்த்து, "நாய் வளக்கிறியா?" என்றார்கள். ஆமாம், சின்ன சாதி என்றேன்.

இரண்டாம் நாள் கடிக்கவில்லை, கெஞ்சினாள். அதைவிடக் கடித்திருக்கலாம். "அப்பா, நல்ல பிள்ளையா இருக்கேன், எடுத்துவிடு. செதில் எல்லாம் கோட்டுக்குள்ள ஒட்டுறேன்." நான் ஒட்டினேன். டாக்டர் எழுதிக்கொடுத்த புதுக் கண்ணாடியைத் திறந்திருந்த கண்ணுக்கு மாட்டிவிட்டேன். அவள் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். காகிதத்தைக் கையில் கொடுத்தால் கீழே விட்டாள். கீழே விட்டதைத் தேடவில்லை. அன்றும் தேடவில்லை, அடுத்த நாளும் தேடவில்லை. ஒரு வாரம் இப்படியே போயிற்று. உனக்கு எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

மூடியிருக்கும்போது என் சத்தம் நின்றால் அவளுக்குப் பயம் வந்துவிடும். அதனால் பேசிக்கொண்டே இருப்பேன். பட்டறைக் கதை, பூனைக் கதை, நான் எட்டாம் வகுப்பில் மூன்று வருடம் இருந்து வாத்தியார்களுக்கு நண்பனான கதை. எனக்கே அலுத்துப்போன கதையெல்லாம் சொன்னேன். இடது பக்கம் உட்கார்ந்தால் இடது பக்கம் முகத்தைத் திருப்புவாள். ஆனால் அது காது செய்கிற வேலை. குரல் வந்த பக்கம் யாரும் திரும்புவார்கள். கண் செய்கிறதா என்று தெரியவில்லை. உள்ளுக்குள் அதுதான் அரித்துக்கொண்டே இருந்தது.

இன்று பெரிய தட்டில் ஈரக் காகிதத்தைப் பசையில் பிசைந்து உருண்டை பிடிக்கச் சொன்னேன். பிடித்தாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. உண்மையாகவே தீர்ந்துபோய்விட்டது. நீ கேட்டால் நம்பமாட்டாய், நான் சும்மா இருந்தேன்.

அவள் கை நின்றது. "அப்பா" என்றாள்.

பதில் சொல்ல வாய் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கல்லாக இரு என்றாயே, அதைவிடக் கல்லாக இருந்தேன். செருப்பில்லாத காலோடு சுவர் ஓரமாக நகர்ந்தேன். தரை குளிர்ந்திருந்தது, சத்தமே இல்லை. கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். நான் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு பிதுங்கியது. "அப்பா, எங்க போன?" தேடாமல் அழத் தொடங்கிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். பெற்ற பிள்ளையை இப்படி நிறுத்திவைத்துப் பார்க்கிறவனை என்ன சொல்வது?

முகம் மெல்லத் திரும்பியது. ஜன்னலுக்குப் போனது, நின்றது. அலமாரிக்கு வந்தது, நின்றது. என்னைத் தாண்டிப் போனது.

திரும்பி வந்தது.

கண்ணைச் சுருக்கினாள். "நீலச் சட்ட" என்றாள். பிறகு, "ஒளியிறியா? எனக்குத் தெரியுது, போ" என்று சொல்லி, கையிலிருந்த உருண்டையை வீசினாள். நேராக வந்து என் காதில் சொத்தென்று விழுந்து, அங்கேயே அப்பிக்கொண்டது.

அவளைத் தூக்கவேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்கேயே கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு உருண்டை வந்தது. அது கதவில் பட்டது. மூன்றாவது எங்கே போனது என்று தெரியவில்லை.

கண் மறைப்பை எடுக்க இன்னும் நேரம் இருந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காது நிறையப் பசை. அது காய்ந்து இழுக்கத் தொடங்கும்வரை துடைக்கவில்லை.

உன்
அவர்